செட்டியார் வீட்டு ரேடியோவில் வந்த குரல்

1. பாட்டும் எஞ்சினும்

எஞ்சின் ஓடினால் பாட்டு வராது. பாட்டு வர வேண்டுமானால் எஞ்சினை நிறுத்த வேண்டும். எங்கள் ரேடியோ வண்டியைப் பற்றி முதல் நாள் காலையில், சாலை என்ற கடைத்தெருவின் நட்டநடுவில் நான் தெரிந்துகொண்ட உண்மை இது.

யுத்தத்துக்கு முந்திய காலம். திருவனந்தபுரத்தில் ரேடியோ இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் முதலாளி தாணு பிள்ளை நாகர்கோவில் பக்கத்துக்காரர். சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தவர் திடீரென்று ரேடியோ ஏஜென்சி எடுத்தார். ஜனங்கள் கடை ஏறி வந்து கேட்கத் தயங்கினார்கள். அதனால் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, மேல்கட்டைப் பிரித்துவிட்டு, பலகையால் ராட்சச ரேடியோ போலவே ஒரு பெட்டி கட்டிவிட்டார். முன்புறம் துணி போர்த்திய ஸ்பீக்கர் வாய், ஆள் தலை அகலத்துக்கு இரண்டு குமிழ், கூரையில் இரண்டு ஹார்ன் ஒலிபெருக்கி. உள்ளே ஆறு வால்வு செட், ஆம்ப்ளிஃபயர், கனமான நாலு அக்யூமுலேட்டர் பாட்டரி, ஒரு கிராமபோன், ஒரு கார்பன் மைக், அப்புறம் நான்.

எனக்கு வயது இருபத்திரண்டு. கரமனை அக்ரஹாரத்துக்காரன். சர்க்கார் உத்தியோகத்துக்கு மூன்று தடவை பரீட்சை எழுதித் தேறாமல், தபாலில் ரேடியோ கோர்ஸ் படித்தவன். வண்டி ஓட்டியவர் கோபாலன், ஆற்றிங்கலிலிருந்து வந்த மலையாளி. தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் அவருக்கென்று ஒரு தமிழ்.

சாலைத் தெரு அப்போதே அப்படித்தான். ஒரு பக்கம் சாக்கு ஏற்றிய மாட்டு வண்டிகள், ஒரு பக்கம் கைவண்டிகள், நடுவில் தலைச்சுமைக்காரர்கள். எங்கள் பச்சை வர்ணப் பெட்டி உள்ளே நுழைந்ததும் தெரு அடைத்துக்கொண்டது. கூட்டம் கூடியது. நான் செட்டைத் திருகினேன். "கர்ர்ர்" என்று ஒரே இரைச்சல். எஞ்சினின் பிளக் பொறி விடும்போதெல்லாம் ரேடியோ அதைத்தான் பிடித்தது.

"சாமீ, எஞ்சின் ஓஃப் ஆக்கட்டே?" என்று கோபாலன் தன் இருக்கைக்குப் பின்னால் பலகையில் இருந்த ஓட்டை வழியாகக் கேட்டார்.

நிறுத்தினார். மெட்ராஸ் ஸ்டேஷனிலிருந்து அழகாக ஒரு வாய்ப்பாட்டு வந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. அதே நேரம் பின்னால் பதினைந்து மாட்டு வண்டிகள் நின்றுவிட்டன. போலீஸ்காரர் ஓடி வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். எடுத்தோம். மறுபடியும் கர்ர்ர்.

"இதாணோ மெட்ராஸ்? மெட்ராஸில மழை பெய்யுதாக்கும்!" என்று யாரோ கத்த, தெருவே சிரித்தது.

பிளக்குகளில் சப்ரெசர் என்று ஒரு சின்னச் சாமான் மாட்டினால் இரைச்சல் அடங்கும் என்று என் கோர்ஸ் புத்தகத்தில் இருந்தது. வரவழைத்து மாட்டினேன். அடங்கியது. வெற்றியோடு நண்பகலில் கிளம்பினோம். அப்போதுதான் அடுத்த உண்மை தெரிந்தது. காலை ஒலிபரப்பு முடிந்தால் மறுபடி சாயங்காலம்தான் ஸ்டேஷன் பேசும். சாலையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் ஆகாயத்தில் ஒன்றுமே இல்லை.

2. தங்கப்பனின் காளை

முதலாளியிடம் சொல்லப் பயமாக இருந்தது. கிராமபோன் தட்டைப் போட்டு ஹார்னில் விட்டேன். வெளியில் நின்றவர்களுக்கு எல்லாம் ரேடியோதான். நாலைந்து நாள் அப்படியே ஓடியது. ஆனால் தட்டுக்குத் தட்டு நடுவில் யாராவது பேச வேண்டுமே! மைக்கை எடுத்து, குரலைத் தணித்து, "நேயர்களே, அடுத்து வாய்ப்பாட்டு" என்றேன். கரமனையில் என்னைத் தெரிந்தவர்களுக்குக்கூட அந்தக் குரல் தெரிந்திருக்காது.

குறும்பு அதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் எங்களுக்கு முன்னால் மிளகு மூட்டை ஏற்றிய ஒரு மாட்டு வண்டி நகரவே மாட்டேன் என்று நின்றது. கோபாலன் ஹார்ன் அடித்து ஓய்ந்தார். வண்டிக்காரன் கடைக்காரனோடு பேச்சில் இருந்தான்.

"ஆருய்யா அது?" என்று ஓட்டை வழியாகக் கேட்டேன்.

"நம்ம நேமத்துத் தங்கப்பன், சாமி. இடத்தே காளைக்குக் கால் வய்யா."

நான் பாட்டை நிறுத்தினேன். மைக்கை எடுத்தேன். "நேயர்களே, திருவனந்தபுரம் சாலைத் தெருவில் நேமம் தங்கப்பன் என்பவர் வண்டியை நடுவழியில் நிறுத்தியிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. அவருடைய இடது காளைக்குக் கால் சரியில்லை என்றும் தெரியவருகிறது. அன்புகூர்ந்து வண்டியை ஓரமாக விடவும்."

தெரு அப்படியே நின்றது. தங்கப்பன் எங்கள் வண்டியைப் பார்த்தான், ஆகாயத்தைப் பார்த்தான், பிறகு குனிந்து காளையின் காலைப் பார்த்தான். மெட்ராஸில் இருப்பவனுக்குத் தன் காளையின் கால்வலி தெரிந்துவிட்டதே என்று அவன் முகம் வெளுத்துப் போனதைத் துணி மறைவிலிருந்து பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் வேட்டி நுனியை அடைத்துக்கொண்டேன். ஒரே நிமிஷத்தில் வழி கிடைத்தது.

அதற்கப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. கோபாலன் ஓட்டை வழியாகப் பெயர் சொல்லுவார், நான் ஹார்னில் சொல்லுவேன். வாழைக்காய்க் கடைக்காரருக்குப் பெண் பிறந்த வாழ்த்து, கைவண்டிக்காரருக்கு எச்சரிக்கை, எல்லாம் "இப்போது கிடைத்த செய்தி." வாசனைச் சாமான் வியாபாரி சங்கரலிங்கம் செட்டியாரின் கடையைத் தாண்டும்போது, அவர் பெயரோடு கடை ஏலக்காயைப் பற்றி இரண்டு வரி உயர்வாகச் சொல்லி வைத்தேன்.

மறுநாளே செட்டியார் எங்கள் கடைக்கு வந்து ரேடியோ வாங்கிவிட்டார். தாணு பிள்ளைக்குப் பரம சந்தோஷம். "வே சாமி, நம்ம வண்டி தங்கம்வே!" என்றார். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஒரு வாரத்தில் செட்டியார் மறுபடியும் வந்தார். திருநெல்வேலிக்காரர். குரல் மெல்லியதுதான், ஆனால் விட மாட்டார்.

"பிள்ளைவாள், பாட்டெல்லாம் நல்லாத்தான் கேக்கு. ஆனா எம்பேரு வரவே மாட்டேங்குதே. தெருவுல வருது, வீட்டுல வரலைன்னா எப்படி? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருக்காரங்கள எல்லாம் கூப்பிட்டிருக்கேன். எங்க அண்ணாச்சி காதுலயும் விழணும்."

முதலாளி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "வந்து சரி பண்ணித் தாரேன் செட்டியாரே" என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

3. வெள்ளிக்கிழமை

அண்ணாச்சியின் கதையைக் கோபாலன்தான் சொன்னார். அவர் செட்டியாரின் கூடப்பிறந்த அண்ணன், பெரிய செட்டியார். அவருக்கும் எதிர்வரிசையிலேயே கடை. அப்பா காலமானபின், அவர் பெயரை யார் கடைப் பலகையில் எழுதுவது என்பதில் சண்டை. அண்ணன் எழுதிக்கொண்டார். தம்பி அன்றிலிருந்து பேச்சை விட்டார். இரண்டு கடைக்கும் நடுவில் இருபதடி தெரு. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு வார்த்தை கிடையாது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, சொல்ல வெட்கம். அதனால் இன்னொரு குறும்பு செய்யத் துணிந்தேன்.

அந்தக் கால செட்டுகளின் பின்புறம் கிராமபோன் இணைக்க இரண்டு துளை இருக்கும். அதில் ஒயரை மாட்டிக் குமிழைத் திருப்பிவிட்டால் ஸ்டேஷன் வராது, ஒயரில் வருவதுதான் கேட்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செட்டியார் வீட்டுக்குப் போய், ஏரியல் கம்பியோடு சேர்த்து ஒரு ஒயரை ஜன்னல் வழியாகக் கொல்லைச் சந்துக்கு இறக்கினேன். "யாரும் குமிழைத் தொடப்படாது, நான் ஏரியலைப் பாத்துண்டு வரேன்" என்று செட்டியாரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். வாசல்படி ஓரமாக, யாரும் கூப்பிடாமலே வந்து, உட்காராமல் நின்றுகொண்டிருந்தவர் பெரிய செட்டியார்.

சந்தில் எங்கள் வண்டி நின்றது. சந்து எவ்வளவு அகலமோ வண்டியும் ஏறக்குறைய அவ்வளவு அகலம். உள்ளே ஏறி, ஒரு தட்டுப் போட்டேன். அது முடிந்ததும் கார்பன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, என் சிறந்த குரலில் ஆரம்பித்தேன்.

"நேயர்களே, திருவனந்தபுரத்தில் வாசனைச் சாமான் வியாபாரத்தில் கீர்த்தி பெற்று விளங்கும் ஸ்ரீமான் சங்கரலிங்கம் செட்டியார் அவர்கள்..."

வண்டிப் பலகையில் தடியால் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

"ஆருடெ வண்டியாடோ இது? வழி முழுக்க அடச்சு வச்சிரிக்குன்னு! எடுத்து மாற்றெடோ!" போலீஸ்காரர். சந்தின் அந்தப் பக்கம் கைவண்டிகள் வரிசையாக நிற்கின்றன போலிருக்கிறது.

நான் மூச்சை அடக்கி உட்கார்ந்தேன். மைக்கை அணைக்கத் தோன்றவில்லை.

கோபாலன் இருக்கையிலிருந்து எழுந்து, ஓட்டையை ஒட்டி நின்று பணிவாகச் சொன்னார். "ஏமானே, அஞ்சு நிமிஷம். உள்ளே நம்ம சாமி செட்டியாரைப் புகழ்ந்துகொண்டிருக்கு. முடிஞ்சா உடனே எடுத்துரலாம்."

"புகழ்றதா? இந்தப் பெட்டிக்குள்ளயா? ஆரு கேக்கும்?"

"செட்டியார் வீட்டு ரேடியோவில கேக்கும் ஏமானே. மெட்ராஸிலேந்து வருதுன்னு பாவம் அவர் நம்பிக்கொண்டிருக்கார்."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் ஒரே சமயத்தில் சிரித்த சத்தம் கேட்டது. அப்போதுதான் என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தேன். அது திறந்தே இருந்தது.

செட்டியார் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் கறுத்திருந்தது. வண்டிக்குள் ஏறினார். ஒயரைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"அப்ப தெருவுல சொன்னதும் நீருதானா?"

"நான்தான். மன்னிக்கணும்."

மைக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "இதுல நான் பேசினாலும் உள்ள கேக்குமா?"

"கேக்கும்."

"வாசல்ல அவுக இன்னும் நிக்காகளா?"

கோபாலன் இறங்கிப் போய் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "நிக்கறார்."

செட்டியார் அக்யூமுலேட்டர் பெட்டி மேல் உட்கார்ந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி... நான் சங்கரலிங்கம் பேசுதேன். அப்பா பேரு உங்க பலகையிலேயே இருக்கட்டும். அதுக்காவ, எதுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிடணுமா?"

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது. கோபாலன் ஜன்னலிலிருந்து கத்தினார். "அண்ணாச்சி ரேடியோ பக்கத்துல போயிட்டார்! ரேடியோகிட்டப் பேசறார்!"

"என்ன சொல்லுதாக?"

"'மொதல்ல திருப்பினது நீதாம்ல'ன்னு சொல்றார்!"

"பொய்யி!" என்று செட்டியார் மைக்கில் கத்தினார். ஆம்ப்ளிஃபயர் ஊளையிட்டது. "அப்பா திவசத்தன்னைக்கு நான் வந்து நின்னப்ப ஏன் பேசல?"

கோபாலன் காதைத் தீட்டினார். "'பேசத்தான் வாயெடுத்தேன், தொண்டை அடைச்சுக்கிட்டுது'ன்னு சொல்றார்."

செட்டியார் மைக்கை மடியில் வைத்துவிட்டார். சந்தில் பார்த்தால், போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டிக் கைவண்டிக்காரர்களை நிறுத்தி வைத்திருந்தார். "சமாதானமாயிட்டு இரிக்கெடோ. அண்ணனும் தம்பியும் பேசுன்னு."

கடைசியாகக் கோபாலன் திரும்பினார். "செட்டியாரே, 'இந்தப் பெட்டிகிட்ட எனக்கு என்னல பேச்சு, அவன இங்க வரச்சொல்லு'ன்னு சொல்றார்."

செட்டியார் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. நாங்கள் ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்தோம்.

4. முதலாளியின் உத்தரவு

செய்தி எனக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் தாணு பிள்ளை கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வே, நீரு ரேடியோ விக்க வந்தீரா, கூத்து நடத்த வந்தீரா? அண்ணந்தம்பி சேர்ந்துட்டாங்க, தப்பிச்சீரு. வெட்டிக்கிட்டிருந்தா யார்வே பதில் சொல்லுவா?"

சத்தியமாக, அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியதே கிடையாது.

அவர் வேலையை விட்டு நீக்கவில்லை. செட்டியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, செட்டில் நிஜமாக என்ன வரும், எப்போது வரும் என்று உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். இனி மைக்கைத் திறந்தால் பேசுவது யார் என்று முதலில் சொல்ல வேண்டும். இதுதான் உத்தரவு. இரண்டையும் செய்தேன். செட்டியார் ரேடியோவைத் திருப்பித் தரவில்லை. "பாட்டு நல்லாருக்கு. ஆனா அந்த மெட்ராஸ்காரனுக்கு நம்ம தெரு தெரியாது, பாத்தியளா" என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை சாலையில் ஹார்னைத் திறந்து, "பேசுவது மெட்ராஸ் இல்லை, வண்டிக்குள்ளிருந்து கரமனைக்காரன் பேசுகிறேன்" என்றேன். கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். கலையவில்லை. தங்கப்பன்தான் முதலில் வந்து துணியை விலக்கி என் முகத்தைப் பார்த்தான். மலையாளத்தில் இரண்டு நல்ல வசவு கொடுத்தான். பிறகு தன் காளைக்குக் கால் குணமாகிவிட்டது என்பதையும் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னான். சொன்னேன்.

இப்போது மைக் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல இரண்டு விஷயம்தான். பேசுவது யார் என்று முதலில் சொல்லுங்கள். பேசி முடித்ததும் சுவிட்சை அணையுங்கள். நான் ஒரு தடவை அணைக்க மறந்ததில் ஒரு குடும்பம் சேர்ந்தது உண்மை. அதை நம்பி நீங்கள் யாரும் மறந்து தொலைக்க வேண்டாம்.