உல்லோரியாக்கின் இரும்புக் கல்

உலகத்து இரும்பெல்லாம் எங்கள் டிஸ்கோ தீவின் இரும்புக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். மற்ற ஊர்களில் அது செம்மண்ணாகக் கிடந்து, உலையில் வெந்து, ஆயிரம் பேரிடம் அடிவாங்கிய பிறகுதான் இரும்பு என்று பெயரெடுக்கும். எங்கள் கரையில் அது பிறக்கும்போதே இரும்பு.

கிரீன்லாந்து முழுக்கத் தேடினாலும் இதை உல்லோரியாக் அளவுக்கு யாரும் சொல்ல முடியாது. வயது முப்பத்தொன்று. மீன் பிடிப்பாள், கோடையில் கல் ஆராய வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போவாள். அவர்கள் பேச்சிலிருந்து அவள் பொறுக்கியது இது: பூமிக்கடியிலிருந்து கிளம்பிய எரிகுழம்பு, வழியில் ஒரு நிலக்கரிப் படுகையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. குழம்பின் இரும்போடு ஒட்டியிருந்த ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொண்டது. மிஞ்சியது வெறும் இரும்பு, கருங்கல்லுக்குள் கட்டி கட்டியாக.

அப்படியொரு கட்டி, தந்தம் வைத்த வால்ரஸ் ஒன்று படுத்த அளவு பெரியது, அலை தொடும் இடத்தில் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் உல்லோரியாக் என்ற வேட்டைக்காரர். அவர் கடலில் மூழ்கிச் செத்த அடுத்த மாதம் இவள் பிறந்தாள். அவர் பெயரையே வைத்தார்கள். எங்களிடம் செத்தவர் பெயர் வந்தால் ஆளும் திரும்பி வந்தாயிற்று. வேட்டைக்காரரின் மகன் யாக்கு, அன்றைக்கு இருபத்தேழு வயது ஆள், தொட்டிலைப் பார்த்து "அப்பா" என்று அழுதாராம். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார். டீச்சர் அவளை மூலையில் நிற்கவைத்தபோது வகுப்புக்குள்ளேயே போய், "எங்கப்பாவுக்குக் கால் வலிக்கும், உக்கார விடுங்க" என்றவர்.

போன ஆகஸ்டில் பாரந்தூக்கியோடு ஒரு கப்பல் வந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் ஆள், ஹென்னிங், யாக்கு வீட்டு மேசையில் ஒரு தாளை விரித்தார். கண்டெடுத்தவரோ வாரிசோ கையெழுத்துப் போட்டால் கல் அருங்காட்சியகத்துடையது.

"சூடான மண்டபத்துல, கண்ணாடிப் பெட்டியில, ராஜா மாதிரி வச்சுக்குவோம்" என்றார்.

யாக்கு பேனாவைத் தொடவில்லை. "அப்பா உயிரோட இருக்கறப்ப நான் எப்படிங்க போடறது?"

"அவரு செத்துட்டாருன்னு எழுதியிருக்கே?"

"அது பழைய சேதி. அதோ, மீன் அறுத்துட்டிருக்காரு பாருங்க."

உல்லோரியாக் கத்தியைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

ஹென்னிங் சிரிப்பை அடக்கினார். "நீங்க அந்தக் கல்லை எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"நாப்பத்தாறு வருசம் ஆச்சு."

"உங்க வயசு?"

"முப்பத்தொண்ணு. ஏன், கணக்கு இடிக்குதா? உங்க ஊர்ல செத்தா அதோட விட்டுருவீங்க போல."

யாக்கு சிரித்துவிட்டார்.

"டேய் யாக்கு, என்னடா இளிப்பு? அவருக்குக் காபி ஊத்து."

"சரிப்பா."

அவள் எதிரே உட்கார்ந்தாள். அந்த வேட்டைக்காரரின் துப்பாக்கி, நாய்கள், மகன் எல்லாம் கேட்காமலே அவளுக்கு வந்தவை. கல்லையும் அவர் விட்டுப்போன இடத்திலேயே காப்பாற்றாவிட்டால் அந்தப் பெயரைச் சுமந்து என்ன பயன்?

"போன தடவை ஒரு சின்னக் கட்டி கொண்டுபோனீங்களே. எப்படி இருக்கு?"

ஹென்னிங் காபியைக் கலக்கினார்.

"கேக்கறேன்ல?"

"சூட்டுல... கசிஞ்சு, துருவாக் கொட்டிருச்சு."

"இங்க பனியிலயும் உப்புத் தண்ணியிலயும் கல்லு மாதிரி கெடந்தது, உங்க மண்டபத்துல பொடியாச்சு. இதையும் ஜாடியில அள்ளிப் போடத்தான் கப்பலா?"

"இந்தத் தடவ எண்ணெய் பூசி..."

"எண்ணெய் பூசி வேணும்னா என்னைக் கொண்டுபோங்க. கல்லு வராது."

"நான் மேலதிகாரிங்ககிட்டப் போவேன்."

"தாராளமா. உல்லோரியாக் என்ன சொன்னாருன்னுதான் அவங்களும் கேப்பாங்க."

கப்பல் மறுநாள் காலையில் வெறும் தளத்தோடு திரும்பிப் போனது.

அது போன கையோடு அவள் படகில் கல்லைப் பார்க்கக் கிளம்பினாள். அவள் படகில் வேலை பார்க்கும் நானும் துணைக்கு ஏறிக்கொண்டேன். கல் அசையாமல் கிடந்தது. அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பும் வழியில் மூடுபனி. திசைகாட்டியை எடுத்தாள். முள் என்னைப் பார்த்து நின்றது.

"அந்தப் பக்கம் நகரு."

நகர்ந்தேன். முள்ளும் நகர்ந்தது.

ஒருவேளை அவள் தோற்றால் ஒரு துண்டாவது மிஞ்சட்டும் என்று, கப்பல் வந்த அன்றே நான் கல்லிலிருந்து பெயர்த்து வைத்திருந்த சில்லின் வேலை அது. அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"வடக்கு உன் கால்சட்டைப் பைக்குள்ளயாடா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, படகைக் கல்லை நோக்கித் திருப்பினாள்.