துரத்தாமல் நின்ற ஜீப்

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. மதியம் மூன்றே முக்கால் இருக்கும். வாலாஜாபாத் தாண்டியதும் ரோட்டில் தடுப்பு வைத்துப் போலீசார் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் காருக்குக் கை காட்டினார். என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. தடுப்புக்கு ஓரமாக இருந்த இடைவெளியில் காரை நுழைத்து அழுத்தினார்.

அடியார்களே, நாங்கள் திருடர்கள் இல்லை. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம். தென்னேரியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுக்குப் பிடிக்குமே என்று புளியோதரை கட்டி எடுத்துக்கொண்டு போனோம். இவருடைய லைசென்ஸ் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவ்வளவுதான் குற்றம்.

ஆனால் காக்கிச் சட்டை என்றாலே இவருக்கு உடம்பு நடுங்கும். பதினெட்டு வயதில், யாரோ செய்த சைக்கிள் திருட்டுக்கு இவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அடித்திருக்கிறார்கள். அந்தப் பயம் முப்பது வருஷமாகியும் போகவில்லை. தறியில் இழை அறுந்தால் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகப் பிணைக்கிற மனிதர். என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அப்படிப்பட்டவருக்கு அன்று நான் கத்தியதே காதில் விழவில்லை.

பின்னால் சைரன் கேட்டது. ஜீப் நெருங்க நெருங்க இவர் இன்னும் அழுத்தினார். வேகம் காட்டும் முள் நூறைத் தொட்டது.

“இன்னாங்க, நிறுத்துங்க! உங்களுக்குக் கும்புடு போடறேன், நிறுத்துங்க!”

“புடிச்சா அடிப்பானுங்க செல்வி... அடிப்பானுங்க...”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னப் பிள்ளை போல.

அந்த ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. விடுகிற நேரம். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடினேன். என் அப்பன் மாகறல் ஈசனை நினைத்தேன். எங்களைத் தப்ப வை என்று கேட்க வாய் வரவில்லை. தப்பு எங்கள்மேல் அல்லவா? “இந்த மனுஷனால நிறுத்த முடியலப்பா. பின்னாடி வர்றவங்க மனசுலயாவது நீ போய் உக்காரு” என்று அழுதேன்.

சைரன் நின்றது.

என் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பினால் ஜீப் ஓரங்கட்டி நிற்கிறது. “அவுங்க வரலீங்க, பாருங்க” என்று இவர் தோளைத் தொட்டேன். கண்ணாடியில் பார்த்தார். கால் தானாகத் தளர்ந்தது. எழுபது, நாற்பது, இருபது. வளைவில் திரும்பினோம். ரோட்டின் குறுக்கே சீருடைப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கார் அவர்களுக்கு முன்னால் மெதுவாக நின்றது. ஒரு சிறுமி எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாள்.

இவர் ஸ்டியரிங்மேல் தலை சாய்த்து அழுதார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். “வாங்க, திரும்பிப் போலாம். நான் கூட இருக்கேன் இல்ல?” என்றேன். காரை அங்கேயே ஓரமாக விட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி நடந்ததில்லை.

ஜீப் அருகே எஸ்.ஐ. தன் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“போன வாரம் செயின் அறுத்துக்கினு ஒருத்தன் இப்பிடித்தான் ஓடினான். நீ பாட்டுக்கு நிறுத்திட்டா, அவன் இன்னொரு கழுத்துல கை வெப்பான். யாருய்யா பதில் சொல்றது?”

“நம்பர் எழுதிக்கினேன் சார். வயர்லெஸ் மைக்ல சொல்லியாச்சு, எங்க போயிடுவான்? நாம தொரத்தத் தொரத்ததான் அவன் ஓடறான். ஸ்கூல் வுடற நேரம் சார். இன்னாவோ, மேல அழுத்த மனசு வரல.”

எனக்குப் புல்லரித்தது. அந்த மனசில் யார் போய் உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும்.

“நான்தான் சார் ஓடினவன்” என்று இவர் கை கூப்பினார். எஸ்.ஐ. அடிக்கவில்லை. நன்றாகத் திட்டினார், வழக்கு எழுதினார். இவர் நடுங்குவதைப் பார்த்த அந்த டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். “குடிங்கண்ணே. யாரும் உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றார்.

கோர்ட்டுக்குப் போய் வந்தோம். லைசென்ஸ் கைக்கு வரும்வரை பேருந்தில்தான் பயணம். வளைகாப்புக்கு அந்த டிரைவர் தம்பியை இவரே போய் அழைத்தார். ஸ்டேஷன் வாசற்படி ஏறி, சொந்தக்காரரை அழைப்பதுபோல் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

எஸ்.ஐ. கேட்டதும் நியாயம்தான். திருடனை விட்டுவிட முடியாது. சட்டம் பேச எனக்குப் படிப்பும் இல்லை. ஆனால் ஓடுகிற காருக்குள் நான் இருந்தேன். பயந்தவனைத் துரத்தினால் வண்டியை அவன் ஓட்டுவதில்லை, அவன் பயம்தான் ஓட்டுகிறது. வண்டி நம்பரை வைத்து நாளைக்குப் பிடிக்கலாம். போன உயிரை எதை வைத்துப் பிடிப்பது?

அன்பர்களே, இக்கட்டு வரும்போது உங்களுக்காக மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு எதிரே நிற்பவருக்கும் நல்ல மனசைக் கேளுங்கள். தப்பு உங்கள்மேல் இருந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். என் குரல் கேட்டவனுக்கு உங்கள் குரலும் கேட்கும்.