குருசாமிக்குப் பதிலாக உட்கார்ந்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், தரிசனம், அற்புதம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிற ஆள் நான். ஞானஸ்நானம் எடுத்தவன்தான், ஆனால் கிறிஸ்துமஸுக்கும் சபையில் எல்லோருக்கும் போடுகிற அசனச் சாப்பாட்டுக்கும் சர்ச்சில் தலைகாட்டுவதோடு சரி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை, மெஷின் நின்றால் எதனால் நின்றது என்று கழற்றிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், பாதியில் மட்டும் சிரிக்காதீர்கள்.

குருசாமி என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறவன். சாதியும் வேறு, சாமியும் வேறு, ஆனாலும் எங்களுக்குள் மாப்ள என்றுதான் பேச்சு. போன மழைக்காலத்தில் அவனுக்குச் சளியும் காய்ச்சலுமாக வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்கு வந்தான், வேலை முடிந்தால் வழக்கம்போல டாஸ்மாக்குக்கும் போனான், சொன்னால் கேட்கிற ஜென்மமா அது, கடைசியில் நுரையீரல் முழுக்கப் பரவி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். மூஞ்சியில் மாஸ்க், கண் செருகிக் கிடந்தான், கூப்பிட்டதற்கு அசைவே இல்லை. மதுரைக்குக் கொண்டுபோனால் நல்லது, ஆனால் ஆம்புலன்சில் வழி தாங்குவாரா தெரியவில்லை, சாயங்காலம் வரை பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் என்ன ஆகுமோ என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிந்த மாதிரிதான் இருந்தது. அவன் மனைவி முத்துலட்சுமி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, கிரேஸ் மதினிகிட்ட சொல்லுங்க. அவிய கும்புடுத சாமிகிட்ட எங்களுக்காக ஒரு வார்த்த பேசச் சொல்லுங்கண்ணே." கிரேஸ் என் மனைவி. சரிம்மா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ராஜபாளையத்தில் வந்து இறங்கினால் வீட்டுச் சாவி என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில் பெண்கள் கூடி உபவாச ஜெபம் பண்ணுவார்கள், கிரேஸ் அங்கேதான் இருப்பாள். சத்தியமாகச் சாவி வாங்கத்தான் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்துவிட்டாள்.

"என்னங்க, குருசாமி அண்ணன் எப்படி இருக்காவ?"

"தேற மாட்டான் போலட்டி," என்றேன். முத்துலட்சுமி கேட்டுக்கொண்டதையும் சொன்னேன்.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளி வர முடியாத நிலையில் இருந்தால் அவருக்குப் பதிலாக வீட்டார் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். "அவிய வீட்டாள் இங்க யாரு இருக்கா, நீங்களே உக்காருங்க," என்றாள் கிரேஸ். நான் வேண்டாம் என்பதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. தலையிலும் தோளிலும் கைகள் வந்து விழுந்தன. எனக்குக் கூச்சமென்றால் கூச்சம், அப்படியொரு கூச்சம்.

கூத்து என்னவென்றால், தாமதமாக வந்த ஞானம் அக்கா நாற்காலியில் என்னைப் பார்த்ததும் நோயாளியே நான்தான் என்று முடிவு பண்ணிவிட்டாள். "ஆண்டவரே, இந்தத் தம்பியோட குடிய எடுத்துப் போடும்!" என்று ஒரே கூப்பாடு. டீயைத் தவிர நான் எதையும் குடித்ததில்லை. கிரேஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதோடு போச்சா, அக்கா வளையலில் மாட்டியிருந்த ஊக்கு திறந்து என் கழுத்தில் சுரீரென்று கீறிவிட்டது.

ஆனால் செத்த நேரத்தில் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத பெண்கள், குருசாமி கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது, கூடப்பிறந்தவனுக்குக் கேட்பதுபோல அழுது கேட்டார்கள். "அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா வேணும் ஆண்டவரே, தச்சு வேல பாத்த உம்ம கைய அவரு மேல வையும்," என்று ஒருத்தி விம்மினாள். இவர்களுக்கு என்ன தலையெழுத்து என்று நினைத்தேன். அப்புறம் நானும் அழுதேன். எம் மாப்ளயக் காப்பாத்தும் என்று வாய்விட்டே கேட்டேன்.

ஆமென் சொன்னார்கள், கைகள் விலகின, நான் எழுந்துவிட்டேன். கழுத்து எரிந்தது. கிரேஸ் பார்த்துவிட்டு, "கீறல் ஒண்ணையும் காணுமே," என்றாள்.

பொழுது சாய்கிற நேரம் முத்துலட்சுமி போன் பண்ணினாள். "அண்ணே, கண்ணு முழிச்சிட்டாவ! தண்ணி கேட்டாவ!" அழுகையும் சிரிப்புமாக அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் போனேன். குருசாமி மெதுவாகப் பேசினான்.

"நேத்து எம்புட்டு பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்த மாப்ள?"

"நானா? ஒருத்தரையும் கூட்டிட்டு வரலயேடா."

"பொய் சொல்லாத. கண்ணத் தொறக்க முடியல, ஆனா தலையிலயும் தோள்லயும் ஒரே கையா இருந்துச்சு. ஒருத்தி கழுத்தக்கூட கீறிட்டா, இந்தா பாரு."

அதே இடம். சிவப்பாக, புதுக் கீறல். முந்தின நாள் நான் கிளம்பிய பிறகு அந்த அறைக்குள் நர்சையும் முத்துலட்சுமியையும் தவிர யாரையும் விடவில்லை. மாஸ்க் வார் கீறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குருசாமி அதற்குப் பிறகு டாஸ்மாக் பக்கம் போகவில்லை, அதுவும் டாக்டர் பயமுறுத்தியதால் இருக்கலாம், வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அன்றைக்கு நான் கிளம்பும்போது அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எல்லாரும் கைய எடுத்துட்டாவ மாப்ள. ஒரு கையி மட்டும் எடுக்கல. நெஞ்சுமேல வச்சது, நான் கண்ணு முழிக்குத வரைக்கும் அப்படியே இருந்துச்சு. கனத்த கையி. வேல செஞ்சு காப்புக் காச்சுப்போன ஆம்பளக் கையி. அது யாரு?"

இன்றைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அடுத்தவள் புருஷன் நெஞ்சில் எங்கள் பெண்கள் கைவைக்க மாட்டார்கள். அந்த ஹாலில் ஆண் என்று இருந்தது நான் ஒருவன்தான், என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன.