குறுக்கே பார்க்காத அளவு

எழுபதுகளில் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நான் பணியாள். ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கல்பாத்தி அக்ரகாரத்துப் பெண்ணுக்குக் கண்ணாடித் தகடுகளைத் துணியால் ஒரே திசையில் தேய்த்துக் கொடுப்பேன். அப்படித் தேய்த்தால்தான் இரண்டு தகடுகளுக்கு நடுவில் விடும் திரவப் படிகம் அந்தத் திசையில் ஒழுங்காக நிற்கும். அதில் கரைத்த சாயமும் அதே திசையில் நிற்கிறதா என்று ஒளிவடிகட்டியை நெடுக்கிலும் குறுக்கிலும் திருப்பி, ஒளிமானியின் முள் நிற்கும் இடத்தைப் பார்த்து அளப்பாள். இரண்டு அளவையும் ஒப்பிட்டால்தான் விடை தெரியும்.

பல மாதம் சோதனை தோற்றபின் ஒருநாள் நெடுக்கு அளவு சரியாக வந்தது. குறுக்கே திருப்புவதற்குள் அவள் அப்பா வாசலில் வந்து நின்றார்.

“போறும்டீ, கிளம்பு. பொண்ணு பார்க்க வந்துண்டிருக்கா.”

“ஒரு நிமிஷம்ப்பா. குறுக்கே பார்க்கலேன்னா இதுக்கு அர்த்தமே இல்லே.”

“சாயம் எங்கேயும் ஓடிப்போயிடாது. வா.”

அவள் போனதும் நானே வடிகட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே அவள் ஏறியிருந்த காரிடம் ஓடினேன்.

“ஏனுங்கம்மா, முள்ளு நின்ன எடத்தப் பார்த்துட்டனுங்க.”

“வேண்டாம். நான் பார்க்காததை நான் எழுதப்படாது.”

கார் கிளம்பியது. அவள் திரும்பி வரவேயில்லை. ஓர் எண்ணில்கூடப் பொய் சொல்லாதவளுக்கு ஒரு நிமிஷம் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கு அது இன்றும் கசக்கிறது.