அருங்காட்சியகத்தில் நின்ற வேடியப்பன்

போன வருடம் ஆனி மாதம். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புச் சேர்க்கை. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை பஸ்ஸை விட்டால், அன்றைக்கு நகரம் போய்ச் சேர்ந்த மாதிரிதான். அந்த அவசரத்தில் ஊர் எல்லையில் இருக்கும் வேடியப்பனுக்குக் குங்குமம் வைக்காமலே ஏறிவிட்டேன். வேடியப்பன் எங்களுக்குச் சாமி. பார்ப்பதற்கு, வில்லேந்திய வீரனைச் செதுக்கிய பழைய கல். நல்ல காரியத்துக்குப் போகும்போது அவர் நெற்றியில் பொட்டு வைக்காமல் நாங்கள் மலை இறங்குவதில்லை. வழியெல்லாம் அதே உறுத்தல்.

பல்கலைக்கழகத்தில் வரிசை நீளமாக இருந்தது. பெற்றோரை உள்ளே விடவில்லை. தள்ளுமுள்ளில் தொலைந்துவிடும் என்று மகளின் அசல் சான்றிதழ்களை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். பெரிய புத்திசாலி நான். எதிரே ஓர் அருங்காட்சியகம், அனுமதி இலவசம் என்று எழுதியிருந்தது. வெயிலுக்கு ஒதுங்கலாமே என்று, பையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

ஐம்பொன் சிலைகள், ஓவியங்கள் எல்லாம் தாண்டிக் கடைசி அறையில் வேடியப்பன் நின்றிருந்தார். அதே வில், அதே கொண்டை. பக்கத்து அட்டையில் 'நடுகல், ஜவ்வாது மலை' என்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கும்பிடாமல் வந்ததால் அவரே இறங்கி வந்துவிட்டார் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றினேன். முந்தானையில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் அழுத்தி வைத்தேன்.

"இன்னாம்மா பண்ற? கல்லு பாழாப்போச்சே" என்று காவலர் ஓடிவந்தார். மேடம் வரும் வரை நகரக் கூடாது, பையும் தர முடியாது என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தொடாதீர்கள் என்ற பலகை என் கண்ணெதிரேதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மகள் போனில் கூப்பிட்டாள்.

"அடுத்து நான்தாம்மா. ஒரிஜினல் இல்லன்னா சீட்டு வேற ஆளுக்குப் பூடுமாம். எங்க கீற?"

பையையாவது கொடுங்கள் என்று காவலரிடம் கெஞ்சினேன்.

அருங்காட்சியக அதிகாரியான அந்த மேடம் வந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டார். கல்லைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார். காவலரிடம் பையைக் கொடுக்கச் சொன்னார். "நீங்க மொதல்ல பொண்ணப் பாருங்கம்மா. கல்லு எங்கயும் போகாது" என்றார்.

ஓடினேன். சீட்டு கிடைத்தது.

அப்படியே பஸ் ஏறியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, கல்லெழுத்துக்குள் உதிர்ந்திருந்த குங்குமத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், எங்கள் ஊரில் எப்படிக் கும்பிடுவோம், என்ன படைப்போம் என்று விசாரித்து நோட்டில் எழுதிக்கொண்டார். "இங்க கையெடுத்துக் கும்பிட்டா போதும்மா" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகள் போனில் ஒரு படம் காட்டினாள். அருங்காட்சியகத்தில் பார்த்த அந்த அட்டையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது: 'ஜவ்வாது மலை மக்கள் இன்றும் வேடியப்பனாக வணங்குகிறார்கள்.'

நான் வைத்த குங்குமத்தைத் துடைத்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதி வைத்தாரே, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதெல்லாம் எங்கள் ஊர் வேடியப்பனுக்கு முதல் பொட்டு வைக்கிறேன்.