ஐந்து பரலோக மந்திரமும் ஒரு பொய்யும்

ஒரே பாவத்தை மூன்று மாதா கோயில் சாமியார்களிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவன் நான். மூவரும் மன்னிப்புத் தந்து, அபராதமாக ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம், தூக்கம் வரவில்லை.

பாவம் இதுதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நான் சூப்பர்வைசர். கம்பிக் கட்டைத் தூக்கும் கிரேன் பெல்ட் நைந்திருப்பதை லோடுமேன் ஒருவன் காட்டினான். "இந்த ஒரு லோடு போகட்டும்" என்றேன். பெல்ட் அறுந்து அவன் வலது கையில் மூன்று விரல் போயிற்று. அவன் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றதாக முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன். என் வேலை தப்பியது. அவன் வேலை போனது.

நான்காவது சாமியாருக்கு என் மகன் வயதுகூட இராது. "கடவுள் மன்னிச்சிட்டார். விரல் போனவரைப் போய்ப் பாத்தீங்களா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி, அதைப் போய் இவர் ஏன் கிளறுகிறார்? ஆனாலும் சுமந்து சுமந்து அலுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் இருக்கும் நெட்டுக்குப்பத்துக்கு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். சாமியார் அனுப்பிய கதையைச் சொன்னேன்.

"உங்க சாமி மன்னிச்சிட்டாரா?"

"மன்னிச்சிட்டார்."

"அப்பால எங்கிட்ட இன்னாத்துக்கு சார் வந்துகீற?"

அவன் உள்ளே கை காட்டினான். "அவகிட்ட சொல்லு. பராக்குப் பாத்து கையத் தொலைச்சவன்னு இத்தினி வருசமா அவ வாயில அரைபட்டுகினு கீறேன்."

உள்ளே அவன் மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: பெல்ட் நைந்ததை அவர் காட்டினார், தூக்கச் சொன்னது நான், எழுதிக் கொடுத்தது பொய்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அவனைப் பார்த்து, "ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொன்னேனே. மாதா கோயிலுக்குப் போற மனுசன் பொய் எழுதுவாரான்னு நீதான கேட்ட."

அவள் எழுந்து வந்தாள். மீன் செதில் ஒட்டிய கையால் அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிருய்யா" என்று அழுதாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனிடம் அந்த வார்த்தையை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.