உண்மை நகலும் ஒரு கிளாரினெட்டும்

ஆலயத்துக்குள் புதிதாக எந்த வாத்தியம் வாசிப்பதானாலும் ஒரு மாதம் முன்னதாக எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் கமிட்டி பதில் தர வேண்டும். இது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபையின் ஒன்பதாம் விதி. நான் செயலாளராக இருந்த காலத்தில் அதை எழுதியதே நான்தான். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று எழுத விட்டுப்போயிற்று. ஆயுள் முழுதும் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு அப்படி ஒரு சாத்தியம் தோன்றாதது இன்றும் வெட்கம்தான்.

சென்ற வருடம் மூன்று பழைய கிறிஸ்மஸ் கீர்த்தனைகளைச் சிறிய இசைக்குழு ஒன்றுக்காக நோட்டேஷனில் எழுதினேன். இரண்டு வயலின், புல்லாங்குழல், தபேலா எல்லாம் சபையிலேயே கிடைத்தன. ஆர்மோனியத்துக்கு என் மனைவி. கிளாரினெட்டுக்கு மட்டும் ஆளில்லை. ராஜபாளையத்தில் கல்யாண பேண்ட் செட் நடத்துகிறவரைப் போய்ப் பார்த்தேன். நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அவருடைய கிளாரினெட் பெட்டிக்குள் தூங்கும் மாதம் அது.

"உள்ள உக்கார வச்சு வாசிக்கச் சொல்லுவியளா சார்?"

"அதுக்குத்தான கூப்பிடுதேன்."

"இருவது வருசமா மாப்பிள்ளைக்கு முன்னால நடந்துக்கிட்டே வாசிக்கேன். ஒருத்தனும் நின்னு கேட்டதில்ல. ஒரு தடவையாவது உக்காந்து கேக்குறவுகளுக்கு வாசிச்சிரணும்."

வாக்குக் கொடுத்தேன். அன்றே விண்ணப்பமும் கொடுத்தேன்.

முதல் ஒத்திகைக்கு ஒரே தாளை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கையெழுத்திட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். பாரபட்சம் இருக்கக் கூடாதல்லவா? வாசிக்கத் தொடங்கியதும் கிளாரினெட் மட்டும் மற்றவர்களுக்குக் கீழே தனியாக ஊளையிட்டது.

"ஏங்க, இது கிறிஸ்மஸ் பாட்டா, பெரிய வெள்ளிப் பாட்டா?" என்றாள் மனைவி.

பேண்ட் செட்காரர் தாளைக் காட்டினார். "எழுதுனபடிதான் வாசிச்சேன். இந்தக் கருவியில எழுதுனத விட ஒரு சுரம் எறங்கித்தான் கேக்கும். எனக்கு மட்டும் ஏத்தி எழுதணும் சார்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சீல் போட்ட காயிதம். நான் கை வைக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கடைசியாகச் சிரித்தேன்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் எழுதினேன். இரண்டாவது கீர்த்தனையின் நடுச்சரணத்தில் தபேலாவை நிறுத்தி, கிளாரினெட்டைத் தாழ்ந்த சுரங்களில் தனியே நடக்க விட்டு, பிறகு வயலின்களைச் சேர்த்தேன். அடுத்த ஒத்திகையில், காகிதத்தில் நான் கேட்டது அப்படியே காதில் விழுந்தது. ஸ்டாம்பை வெளியே எடுக்கவேயில்லை.

கமிட்டியின் பதில்தான் வரவில்லை. இப்போதைய செயலாளரிடம் போனேன்.

"அண்ணாச்சி, உங்க மனு சர்க்குலேஷன்ல இருக்கு. கமிட்டி கூடணும்லா?"

"எப்ப கூடும்?"

"கிறிஸ்மஸ் வேல முடியட்டும், பொறவு கூடிருவோம்."

பேண்ட் செட்காரருக்குப் போனில் சொன்னேன். "அப்ப நமக்கு நடைதான்னு சொல்லுங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். 'ஆலயத்துக்குள்' என்று இருந்தது. முன் வராந்தா ஆலயத்துக்குள் சேராது. செருப்பு விடும் தகராறு ஒன்றில் அதையும் நானே எழுதி நிறுவியிருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு மாலை ஆராதனைக்கு வராந்தாவில் ஆறு நாற்காலிகள் போட்டு, கதவுகளை விரியத் திறந்துவைத்தோம். முதல் கீர்த்தனையைச் சபையார் வழக்கம்போல் பீடத்தைப் பார்த்துப் பாடினார்கள். இரண்டாவதில் தபேலா நின்று கிளாரினெட் தனித்ததும் உள்ளே பாட்டு மெலிந்தது. கடைசி வரிசை திரும்பி உட்கார்ந்தது. அடுத்து அதற்கு முந்தைய வரிசை. செத்த நேரத்தில் சபை முழுவதும் பீடத்துக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து அமர்ந்திருந்தது. செயலாளரும்தான். ஆராதனை நடத்திய போதகர் ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து கடைசி பெஞ்சில் இடம் பிடித்தார். அப்படித் திரும்பி உட்காரக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. நல்லவேளை, நான் எழுதவில்லை.

முடிந்ததும் பேண்ட் செட்காரர் கிளாரினெட்டை மெதுவாகத் துடைத்துக்கொண்டே, "சார், உக்காந்து கேட்டாவ" என்றார். என் பணிக்காலத்தில் நான் எழுதிய எந்தக் காகிதத்துக்கும் ஒரு மனிதர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இதற்கு ஒரு சபையே திரும்பியது.

தை பிறந்ததும் அவர் மறுபடி மாப்பிள்ளைகளுக்கு முன்னால் நடக்கப் போய்விட்டார். அதன் பிறகு கமிட்டியின் கடிதம் வந்தது: கிறிஸ்மஸ் ஆராதனையில் ஆலயத்துக்குள் வாசிக்க அனுமதி வழங்கப்படுகிறது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு, முறைப்படி கீழே தேதியும் போட்டேன்: ஜனவரி இருபத்திரண்டு.